சிலிண்டர் உயரத்துக்குக் கீழே

என் வீட்டுக்காரருடைய மார்க்கர் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது. சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு மணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். சாப்பாடு கேட்காது, சண்டைக்கு வராது, சீரியல் பார்க்கும்போது குறுக்கே பேசாது. அந்த வகையில் என் கொழுந்தனார் குடும்பத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

அது முதன்முதலாக வந்தது, அவருக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்த வாரத்தில். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு நாமக்கல் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு பஸ் பிடித்து வந்திருந்தோம். கட்டியிருந்த பச்சைச் சேலையைக்கூட நான் மாற்றவில்லை. கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. வாசலில் நிற்கிற முருங்கை மரத்துக் கிளையை விலக்கிக்கொண்டு தலை தெரிந்தது. அவ்வளவு உயரம்.

"கொழந்தவேல் அண்ணன் வீடு இதுங்களா? நான் அவரோட சி.இ.ஏ.ங்க. ரத்தத்துல இருந்து வர்றேன்."

"யாரு புள்ள அது?" என்று உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"உங்க மார்க்கருங்க," என்றேன். மார்க்கர் என்றால் கட்டிக்கு ரத்தம் காட்டுகிற அடையாளம், குடலில் கட்டி இருக்கிற நிறையப் பேருக்கு இது வரும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்து ஹாலில் நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் ஃபேன் அதன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிட்டது. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, ஃபேனை நிறுத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஃபேன் என்றால் உயிர். மார்கழியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுப் படுக்கிற மனுசன். கரண்டு போனால் ஏதோ நான்தான் பிடுங்கிவிட்டதைப் போல என்னை முறைப்பார்.

"அது குனிஞ்சுக்கட்டும்," என்றார். "ஃபேனெல்லாம் நிறுத்த முடியாது."

குடலில் கட்டியை வைத்துக்கொண்டு ஃபேனுக்கு வழக்காடுகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மார்க்கர் பாவம், குனிந்துகொண்டது. அதே வாரத்தில்தான் எங்கள் ஸ்டோர் ரூம் கதவும் சரியாகச் சாத்தாமல் போனது. உள்ளே இருந்து யாரோ முதுகால் தள்ளுவதைப் போல எக்கிக்கொண்டு நின்றது. ஆசாரியைக் கூப்பிட்டுப் பார்க்க அப்போது எனக்கு ஏது நேரம்? ஓர் அரிசிச் சிப்பத்தை இழுத்து அண்டக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆபரேசன் நன்றாக முடிந்தது. கட்டியை எடுத்த அன்றைக்கே மார்க்கர் சின்னதாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். ஆகவில்லை. "ஆள் போனாலும் அவன் விட்டுட்டுப் போன சாமானெல்லாம் காலி ஆகணுமில்ல? பொறுமையா இருங்க," என்றார் டாக்டர் மெஹருன்னிசா. அந்த அம்மா சொன்னபடியே அது வாரா வாரம் இறங்கியது. ஃபேனைத் தாண்டியது, ஜன்னலைத் தாண்டியது, பிறகு ஒருநாள் சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது சிலிண்டர்தான் உயரமாக இருந்தது.

அதை எப்படிக் கூப்பிடுவது என்பதில் எனக்குக் கொஞ்ச நாள் சங்கடம் இருந்தது. உத்திரத்தை முட்டிக்கொண்டு நின்றபோது "நீங்க, வாங்க" என்றுதான் பேசினேன். பயம் தரும் மரியாதை. இடுப்பளவு வந்ததும் "வாங்க" குறைந்து "வா" ஆனது. சிலிண்டருக்குக் கீழே போனபிறகு "டேய், அந்தக் கருவேப்பிலையை எடு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதுவும் எடுத்துக் கொடுத்தது.

சிலிண்டர் கணக்கு டாக்டரம்மா சொன்னது. எல்லார் வீட்டிலும் ஒரே உயரத்தில் இருக்கிற பொருள் அதுதானாம். அதற்குக் கீழே இருக்கிற வரைக்கும் நிம்மதி. ஆனால் அதையே பெரிதாக நம்பிவிட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

"இது சாட்சிங்கம்மா, நீதிபதி இல்லை. யாரோ கதவைத் தட்டறாங்கன்னு மட்டும்தான் இதுக்குச் சொல்லத் தெரியும். தட்டறது திருடனா, பால்காரனா, இதுக்குத் தெரியாது. கதவைத் திறந்து பார்க்கறதுக்குத்தான் ஸ்கேன். அப்புறம், இன்னைக்கு எவ்வளவு உயரம்ங்கறது பெருசில்ல. ஏறுதா இறங்குதான்னு பாருங்க."

"அப்படியே முட்டை விலையாட்டம்தானுங்க," என்றார் என் வீட்டுக்காரர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர் முட்டை மொத்த வியாபாரி. எங்கள் வாழ்க்கையே ஏறுதா இறங்குதா என்று பார்ப்பதுதான். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் வித்து அந்த வார்த்தையில் விழுந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மார்க்கரை ஆஸ்பத்திரி லேபுக்குக் கூட்டிப்போய் அளக்க வேண்டும். ஒருதரம் கோயமுத்தூர் ரோட்டில் ஏதோ மறியல் என்று பக்கத்து டவுனில் இருக்கிற வேறு லேபில் அளந்தோம். அங்கே உயரம் ரொம்பக் குறைவாக வந்தது. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "இனி இங்கயே வந்துரலாம் புள்ள. நல்ல லேப்பு. மரியாதையான ஆளுங்க," என்றார். எந்தச் சந்தையில் நல்ல விலையோ அங்கே போய்ப் பழகிய கால். விசாரித்தால், எங்கள் லேபில் தலைமுடியையும் சேர்த்து அளக்கிறார்கள், அங்கே நெற்றியோடு டேப்பை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் சரியான முறைதானாம். டாக்டரம்மா அந்தச் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த டேப்பா வேணா இருக்கட்டும், எப்பவும் ஒரே டேப்பா இருக்கட்டும்," என்றார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு ருக்மணியக்கா தினமும் வந்து மார்க்கரைப் பார்த்துவிட்டுப் போவார். பார்க்கப் பார்க்க ஆசை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு இருந்தா நல்லதுதான துளசிமணி? முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம்," என்று ஒரு நோயும் இல்லாத சென்னியப்பன் மாமாவைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தார். ஏதோ திருவிழாத் தள்ளுபடியில் ஒரே விலைக்கு நாலு டெஸ்ட்டாம். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் நாலு மார்க்கர்கள் வரிசையாக நின்றன. மூன்று குட்டையாக இருந்தன. நாலாவது சிலிண்டருக்கு ஒரு சாண் மேலே.

அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஸ்கேன், அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட் என்று மாமாவைப் புரட்டி எடுத்தார்கள். ஒன்றுமில்லை. பித்தப்பையில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்ததாம், அதற்கு அந்த மார்க்கர் எட்டிப் பார்த்ததாம். கல்லை எடுத்ததும் அதுவும் சுருங்கிவிட்டது. மற்ற மூன்றும் செய்ய வேலை ஒன்றுமில்லாமல் திண்டாடின. ருக்மணியக்கா அவற்றை வெங்காயம் உரிக்க உட்கார்த்தி வைத்தார். "எனக்கு எதுக்கு வம்பு, நோயில்லாத வீட்டுக்குச் சாட்சி எதுக்கு," என்று இப்போது ஊரெல்லாம் பாடம் நடத்துகிறார்.

போன மாசியில்தான் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது. மாவாட்டிக்கொண்டிருந்தேன். மார்க்கர் மணையிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது. போகும்போது சிலிண்டருக்கு மேலே அதன் தலை தெரிந்தது.

நான் கிரைண்டரை நிறுத்தினேன். அது டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியது. என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டது. கேட்கவே வேண்டியதில்லை, அதுவும் கவனித்திருக்கிறது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். ஒரு ஏலக்காயை வாயில் போட்டு மென்றுகொண்டு, "குடோன்ல ஸ்டாக் பார்த்துட்டு வர்றேன்," என்று கிளம்பினார். கொஞ்ச மாதமாகவே ஸ்டாக் பார்ப்பதும் ஏலக்காய் மெல்லுவதும் அதிகமாகியிருந்தது. வியாபாரக் கவலை என்று நினைத்தேன்.

ருக்மணியக்கா வந்தார். மார்க்கரை மேலும் கீழும் பார்த்தார். "நெருப்பில்லாம புகையுமா துளசிமணி," என்று மூக்கைச் சிந்தினார். "வெங்காயம் உரிக்கற கையைக் கழுவிட்டு வாங்கக்கா, அப்புறம் அழுகலாம்," என்று அனுப்பி வைத்தேன். அனுப்பிவிட்டுப் பூஜை அறைக்குள் போய் நான் அழுதேன். என் வீட்டுக்காரர் போய்விட்டால் எனக்கு யாருமில்லை. பிள்ளைகள் இல்லை. ஃபேனுக்குச் சண்டை போட ஆளில்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவர் பேக்கரிக்குப் போனார். எங்கள் ஊரில் முட்டைக்காரர்கள் பேக்கரி பெஞ்சில் கூடித்தான் அன்றைய விலையைப் பேசி முடிப்பார்கள். அவர்களில் ஒருவரான செல்லமுத்து அண்ணன் அதைப் போனில் எல்லாருக்கும் சொல்லுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். கேரளா லாரிக்காரன்கூட எதிர்த்துப் பேச மாட்டான். என் வீட்டுக்காரர் அங்கே எழுந்து, "என் மார்க்கர் ஏறிக்கிட்டே போகுதுங்க. நாம நாலு பேர் உட்கார்ந்து ஒரு முடிவு பண்ணணும்," என்றிருக்கிறார். விசயம் ஏறுவது இறங்குவது சம்பந்தப்பட்டது என்பதால் யாரும் மறுக்கவில்லை. ஒரு தேங்காய் பன்னும் டீயும் முடிவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

அன்று போனில் செல்லமுத்து அண்ணன் குரல் வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு முட்டை நேத்து விலையே. கொழந்தவேல் மார்க்கர், சிலிண்டருக்கு நாலு விரக்கடை கீழே. நன்றி."

மார்க்கர் மணையில் உட்கார்ந்து அதைக் கேட்டது. மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, சிலிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றது. சரியாக நாலு விரக்கடை கீழே.

அதற்கப்புறம் தினமும் காலையில் விலை வரும். தினமும் அது குனியும். வாத்து நடப்பதைப் போல நடந்து கருவேப்பிலை எடுத்துத் தரும். லேப் முறை வந்தபோதும் அப்படியே பஸ்ஸுக்கு வந்தது. பஸ் கம்பியில் குழந்தைகளுக்கு டிக்கெட் போடக் கோடு கிழித்திருப்பார்களே, அதற்குக் கீழே நின்றதால் கண்டக்டர் அதற்கு டிக்கெட்டே கேட்கவில்லை. லேப் பெண் டேப்பை வைத்தாள். "சூப்பருங்க," என்றாள். டாக்டரம்மா அன்று லீவு. என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டிலேயே மைசூர்பா வாங்கி, தெரியாத ஆட்களுக்கெல்லாம் கொடுத்தார்.

நானும் ஒரு துண்டு தின்றேன். பொய் சொல்வானேன், இனித்தது. குனிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரியாத மாதிரி இருப்பது சௌகரியமாக இருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம். அவர் குடோனுக்குப் போயிருந்தார். துணியை உலர்த்தப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு மார்க்கர் தனியாக நின்றது. யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, "அம்மாடியோவ்" என்று முனகிக்கொண்டு மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்தது, நிமிர்ந்தது, என் தோள் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டது.

ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். "நீ" என்பதா "நீங்க" என்பதா என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

அது பதறிக் குனியப் பார்த்தது. "வேண்டாம், நில்லு," என்றேன்.

"கொஞ்ச நாளாங்கம்மா."

"அப்புறம் எதுக்குக் குனிஞ்ச? உன்னை நம்பித்தான நாங்க தூங்கறோம்?"

"அண்ணன் சந்தோசமா இருந்தாருங்க. நீங்களும் மைசூர்பா சாப்பிட்டீங்க," என்றது. "சொல்றதுதானுங்க என் வேலை. கேக்கறவங்களுக்கு வேண்டாம்னா நான் என்னங்கம்மா பண்ணட்டும்?"

எனக்கு அதை அறையலாம் போல இருந்தது. தப்பு அதன் மேல் இல்லை என்பதால் கையிலிருந்த துண்டைக் கல்லில் ஓங்கி ஓர் அறை அறைந்தேன்.

சாயங்காலம் அவர் ஏலக்காய் வாசத்தோடு வந்தார். "காலைல முதல் பஸ். டாக்டரம்மாவைப் பார்க்கறோம்," என்றேன்.

"எதுக்கு? விலைதான் சொல்லியாச்சே."

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். முட்டை விலையை நீங்க இறக்கறீங்க. விலை இறங்கிருச்சுன்னு எந்தக் கோழியாவது சின்ன முட்டை போட்டிருக்கா?"

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். நாற்பது வருச வியாபாரத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி போல.

"போட்டதில்லை," என்றார்.

"உங்க வயித்துக்குள்ள என்ன நடக்குதோ அது செல்லமுத்து அண்ணன் போனைக் கேட்டுட்டு நடக்கறதில்லீங்க. எனக்கு நீங்க வேணும். விலை வேண்டாம்." அவர் ஃபேனை இன்னொரு புள்ளி கூட்டி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸில் மார்க்கர் நிமிர்ந்து நின்றது. கண்டக்டர் கம்பிக் கோட்டைப் பார்த்தார், அதைப் பார்த்தார், முழு டிக்கெட் கிழித்தார். அந்த டிக்கெட்டைப் பார்த்ததும்தான் என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது. கோயமுத்தூர் வரும் வரைக்கும் அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஆஸ்பத்திரி ஹாலில் நல்ல கூட்டம். எல்லாரும் அவரவர் மார்க்கரோடு உட்கார்ந்திருந்தார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்த புதிதில் சிலருடையது கொஞ்ச நாள் வளர்ந்து பிறகுதான் சுருங்குமாம், அப்படி ஒன்று ஜன்னலோரம் நின்று தன் முதலாளியம்மாவான ஒரு சின்னப் பெண்ணுக்கு வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் மட்டும் தனியாக இருந்தார். "உங்களுது எங்கீங்க?" என்று கேட்டேன். "என்னுது வெளியவே வராதுங்க. உள்ள வீடே எரிஞ்சாலும் வாயைத் திறக்காது. எனக்கு ஸ்கேன் மட்டும்தான்," என்றார். எங்களுடையது தன் பக்கத்தில் இடம் விட்டு அவரை உட்காரச் சொன்னது.

டாக்டரம்மா மார்க்கரைச் சுற்றி வந்தார்கள். கால் முட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். "முட்டி தேஞ்சிருக்கு. இதுக்குக் குனியச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"பேக்கரியில முடிவு பண்ணினதுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"பேக்கரியில பன்னுக்கு முடிவு பண்ணுங்க," என்றார்கள். பிறகு லேப் டேப்பாலேயே தலைமுடி சேர்த்து அளந்தார்கள். "ஏறித்தான் இருக்கு. இது ஒண்ணை வெச்சு முடிவுக்கு வர வேண்டாம். கதவைத் திறந்து பார்த்துடுவோம். ஸ்கேன் எடுக்கறோம், குடலையும் கேமரா விட்டுப் பார்க்கறோம்." கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்கள். "பீடி, சிகரெட் உண்டா?"

"சேச்சே. ஆபரேசனோட விட்டாச்சுங்க," என்றார்.

அப்போது மார்க்கர் இருமியது. ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்த இருமல். வாயிலிருந்து ஒரு புகை வளையம் வந்து டாக்டரம்மாவின் மேசைக்கு மேலே நின்றது. அறை முழுக்கப் பீடி வாசம், கொஞ்சம் ஏலக்காய் வாசம்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் புகை வளையத்தைப் பார்த்தார்.

"குடோன்ல ஸ்டாக் பார்க்கறப்ப," என்றார் மெதுவாக. "ஒண்ணு ரெண்டு."

மார்க்கர் மறுபடியும் இருமியது. முதல் வளையத்துக்குப் பின்னால் வரிசையாக வளையங்கள் வந்து அறையை நிறைத்தன. நர்ஸ் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"ஒரு கட்டு," என்றார் அவர்.

"பீடிக்கும் இது ஏறும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா பீடின்னு நானே நினைச்சுக்கிட்டு விட முடியாது. எல்லாம் பார்த்தே ஆகணும்."

பார்த்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே நானும் மார்க்கரும் உட்கார்ந்திருந்தோம். நான் முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தேன். அது தன் மஞ்சப்பையை என் மடியில் வைத்து, பிடித்துக்கொள்ளச் சொன்னது. பையில் ஒன்றுமில்லை, ஆனால் பிடித்துக்கொள்ள நன்றாக இருந்தது. "உனக்கு நிஜமாவே தெரியாதா, யாரு தட்டறாங்கன்னு?" என்று கேட்டேன். "தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனுங்களா," என்றது. அதன் கண்ணிலும் தண்ணீர்.

ஈரல் சுத்தமாக இருந்தது. நுரையீரல், குடல், எல்லாம் சுத்தம். எந்த இடத்திலும் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். "பீடியை விடுங்க. மறுபடி வந்து அளங்க. இறங்கலைன்னா மறுபடி தேடுவோம்," என்றார்கள். நான் என் வீட்டுக்காரர் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, அதே இடத்தில் தடவியும் கொடுத்தேன். டாக்டரம்மா முன்னால் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் பீடியை விட்டார். பொல்லாத விடுதல். வீட்டில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் திட்டு வாங்கியது. ஏலக்காய்க்கு வேலையில்லாமல் போய்ப் பாயசத்துக்குத் திரும்பியது. மார்க்கர் தோளிலிருந்து இடுப்புக்கு வந்தது, சித்திரை பிறந்தபோது சிலிண்டருக்குக் கீழே வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றபடி கீழே வந்தது. லேபில் போய் அளந்து, டாக்டரம்மாவிடமும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தோம். செல்லமுத்து அண்ணன் இப்போது போனில் முட்டை விலை மட்டும்தான் சொல்கிறார்.

அந்தச் சந்தோசத்துக்கு மாரியம்மன் கோயிலில் ஊருக்குச் சோறு போட்டோம். கணக்குப் பார்க்காமல் வடித்ததில் அரிசி பற்றாமல் போய், ஸ்டோர் ரூம் கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த சிப்பத்தையும் பிரித்துக் கொட்டிவிட்டேன். சாப்பிட்டு முடித்து வீட்டுக்கு வந்து, நானும் அவரும் ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தோம். வெளியே சித்திரை வெயில் காய்ந்தது. அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "என்ன சொன்னாலும் ஃபேனாட்டம் வருமா," என்றார்.

சமையலறையிலிருந்து மார்க்கர் எட்டிப் பார்த்தது. "அம்மா, ஸ்டோர் ரூம்ல ஒருத்தர் ரொம்ப நாளா நிக்கறாருங்க. நானும் அவரும் அன்னைக்கு ஒரே பஸ்ஸுலதான் வந்தோம். கதவு இப்பத்தான் திறக்க வருதாம். வரச் சொல்லட்டுங்களா?"

"வரச் சொல்லு," என்றேன்.

கதவு திறந்தது. நிலைப்படியில் நன்றாகக் குனிந்துதான் அதனால் வெளியே வர முடிந்தது. நான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டிப்போன பச்சைச் சேலையைக் கட்டியிருந்தது. அந்தச் சேலையை அதற்கப்புறம் நான் எடுக்கவே இல்லை. தலைமுடியில் அரிசித் தவிடு. இருட்டில் நின்றே பழகிய கண் கூசியது.

"இது யாருது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் துளசிமணி அம்மாவோட பயமுங்க," என்றது. "ரத்தத்துல இருந்து இல்லீங்க. நீங்க போயிருவீங்களோன்னு அம்மா நினைச்ச இடத்துல இருந்து வர்றேன். இத்தனை நாள் என்னை யாரும் அளக்கலீங்க."

அவர் அதைக் கீழிருந்து மேலே வரைக்கும் பார்த்தார். பார்க்க அவருக்குக் கழுத்தை நன்றாக அண்ணாந்துகொள்ள வேண்டியிருந்தது. மார்க்கர் ஓடிப்போய் இன்னொரு மணை எடுத்து வந்தது. உட்கார்ந்தாலும் கொள்ளாது என்று தெரிந்ததும் திரும்ப எடுத்துப் போனது.

பயம் ஹாலுக்கு நடுவில் வந்து மேலே பார்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"குனியட்டுங்களாம்மா?" என்றது.

உத்திரத்தை முட்டுகிற உயரம்தான். இருந்தாலும் அதை "நீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடையதாயிற்றே.

"வேண்டாம்," என்றேன். "நீ நிமிர்ந்தே நில்லு."

அவர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.